வீட்டுக்குள் நுழையும் கமரா

நான்கு தசாப்தங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத் துறையில் காலத்தைக் கழித்தவன் என்ற வகையில் ஒன்றைத் துணிந்து சொல்வேன். ஒரு சாதாரணக் குடும்பத்து வீட்டின் உட்புறம் நமது பத்திரிகைகளில் படமாக வெளிவர வேண்டுமானால், அந்த வீடு முதலில் உடைய வேண்டும். கூரை பறந்து, சுவர் பிளந்து, அந்தப் பிளவினூடாக அலுமாரியும் கட்டிலும் சுவர்க் கலண்டரும் தெரியும் படங்கள் எத்தனையோ என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போயிருக்கின்றன. உடையாத வீட்டின் உட்புறம் செய்தியல்ல. செய்தி என்பதன் இலக்கணம் அப்படி. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆயினும் செய்திக்கு உதவாதது வரலாற்றுக்கும் உதவாது என்று நாமாகவே எண்ணிக்கொண்டோமே, அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகின்றேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு டிஜிட்டல் கமராவும் ஒரு ட்ரைபொட்டும் வாங்கினேன். பறவைகளைத் துரத்த முழங்கால் இடந்தரவில்லை. சூரியோதயத்தைப் படமெடுக்கத் திருகோணமலையில் ஆட்களுக்குக் குறைவில்லை. கட்டடங்களின் உட்புறத்தைப் படம்பிடிப்பதென்று தீர்மானித்தேன். கோயில்களில் கர்ப்பக்கிருகத்தை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. பள்ளிவாசல்களுக்கு அவற்றுக்குரிய ஒழுங்குகள் உண்டு. அரசாங்கக் கட்டடங்களில் கமராவைக் கண்டாலே காவலாளி எழுந்து வருவார். எஞ்சியிருப்பது வீடு.

அவ்வேளையில்தான் தோப்பூரிலிருந்து நண்பரொருவர் அழைத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய மனைவியும் ஆசிரியையாக இருந்தவர். அறுவடை முடிந்ததும் அவர்களுடைய பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மகளுக்கு மாடி வீடு கட்டப் போகிறார்களாம். "அண்ணன், இடிக்க முந்தி ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க" என்றார்.

தோப்பூரை அறியாத புலம்பெயர் வாசகர்களுக்காகச் சிறு குறிப்பு. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர். அதற்கும் தெற்கே தோப்பூர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அயலில் தமிழ்க் கிராமங்கள். வெருகல் ஆற்று நீர் மாவிலாறு வழியாக வந்து விளைவிக்கும் வயல்கள். முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்து தரை வழியே இங்கு வருவதென்றால் ஒவ்வொரு துறையாகப் படகுப் பாதைக்குக் காத்திருந்தே வரவேண்டும். 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. பாலத்தின் வழியே சீமெந்து வந்தது, மத்திய கிழக்கில் உழைத்த பணமும் வந்தது. ஓட்டு வீடுகள் போய் மாடி வீடுகள் எழுகின்றன. இதைக் குறைசொல்ல நான் யார்? ஒழுகும் கூரையின் கீழ் படுத்துறங்காதவனுக்குப் பழைய வீட்டின் அழகைப் பற்றிப் பேசுவது எளிது.

வீட்டின் உட்புறத்தைப் படமெடுப்பதில் முதல் தொல்லை வெளிச்சம். நமது வெயிலில் நண்பகல் வேளை வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். அதே நேரத்தில் தாழ்வாரம் இறங்கிய ஓட்டு வீட்டின் நடு அறை மூலையில் நூறு லக்ஸ் கூடத் தேறாது. மனிதக் கண் ஒரு நொடியில் யன்னலையும் மறு நொடியில் மூலையையும் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அறைக்கு அளவு வைத்தால் யன்னல் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. யன்னலுக்கு அளவு வைத்தால் அறை கரிக்கட்டி. ப்ளாஷ் அடித்தால் எல்லாம் தெரியும்; ஆனால் அது வீடாகத் தெரியாது, பொலிஸ் எடுத்த சான்றுப் படம் போலிருக்கும்.

இன்றைய கைத்தொலைபேசிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. ஒரு தடவை அமுக்கினால் வெவ்வேறு ஒளியளவில் பல படங்களை எடுத்து அவற்றைத் தாமாகவே ஒன்றாக இணைத்துவிடும். யன்னலும் தெரியும், மூலையும் தெரியும். எனக்கு இந்த வித்தையில் முழு உடன்பாடில்லை. நமது பழைய வீடுகளில் இருட்டு என்பது குறைபாடன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. தாழ்ந்த கூரையும் சிறிய யன்னலும் வெயிலை வெளியே நிறுத்துவதற்காக அமைந்தவை. அந்த இருட்டிலேதான் குளிர்ச்சி இருந்தது, மத்தியான உறக்கம் இருந்தது. மூலைமுடுக்கெல்லாம் ஒரே வெளிச்சமாய்த் தெரியும் படம் அந்த வீட்டைப் பற்றிப் பொய் சொல்கிறது. கமராவை ட்ரைபொட்டில் நிறுத்தி, காலை எட்டு மணிச் சாய்வெயிலுக்கோ மாலை நான்கு மணிக்கோ காத்திருந்து, இரண்டு செக்கன் திறந்து வைத்தால் போதுமானது. மூலை இருட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது உயரம். கட்டட ஒளிப்படக் கையேடுகள் பலவும் கமராவை நெஞ்சளவில் வைக்கச் சொல்லும். கதிரையும் மேசையும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். பன்பாய் விரித்து உட்கார்ந்து உண்டு, பாய் விரித்துத் தொழுது, பாயிலேயே உறங்கிய வீட்டை நெஞ்சளவிலிருந்து பார்த்தால் அது வெறும் தரையாகத்தான் தெரியும். கமராவை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கினேன். உறியும், கட்டிலின் கீழே தள்ளி வைத்த பெட்டிகளும், பிள்ளைகளின் கை பட்டு எண்ணெய்க் கறை படிந்த சுவரும் அப்போதுதான் படத்துக்குள் வந்தன. அகன்ற கோண லென்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுதி விளம்பரக்காரர்கள் எட்டடி அறையைப் பதினாறடியாகக் காட்டுவது அதனால்தான். சின்ன அறை சின்ன அறையாகவே தெரிய வேண்டுமென்று கருதுவோர் அதனைத் தவிர்ப்பது நல்லது.

நிற்க. இந்த வேலையைத் தொழிலாக அன்றி விருப்பத்துக்காகச் செய்யத் தொடங்கியோர் முன்பும் இருந்தனர். லினேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி விடுமுறையில் ஊர் போயிருந்தபோது ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொண்டு, 1854 இல் ஹளபீடு, பேலூர் கோயில்களைத் தன் விருப்பத்தில் படமெடுத்தவர். பின்னர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமனம் பெற்று 1858 இல் மதுரையிலும் தஞ்சையிலும் படமெடுத்தார். மதுரைப் புது மண்டபத்தின் தூண் வரிசையை அவர் எடுத்த படத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. மதுரையில் ஆளில்லாத மண்டபமா என்று வியக்க வேண்டாம். அக்காலக் காகித நெகட்டிவுக்கு அத்தனை நேரம் வெளிச்சம் வேண்டும்; நடமாடிய மனிதர் அதில் பதிய மாட்டார்கள். உட்புறப் படமென்றால் ஆளற்றிருக்க வேண்டும் என்று பின்வந்தோர் கொண்ட இலக்கணத்துக்கு இந்த இயலாமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இலண்டனிலே பிரெடரிக் எவன்ஸ் என்றொரு புத்தகக் கடைக்காரர். 1898 இல் கடையை விட்டுவிட்டுத் தேவாலயங்களின் உட்புறங்களைப் படமெடுக்கப் புறப்பட்டார். நாட்கணக்கில் உள்ளே இருந்து வெளிச்சம் நகர்வதைப் பார்த்துவிட்டே கமராவைத் திறப்பாராம். கண்ணை உறுத்தும் கதிரைகளை அகற்றித் தரும்படி குருமாரிடம் கேட்டுக்கொள்வாராம். 1903 இல் வெல்ஸ் தேவாலயத்தின் தேய்ந்த படிக்கட்டை அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. படியேறிப் போனவர்களில் ஒருவரும் படத்தில் இல்லை. எத்தனை பாதங்கள் ஏறியிருக்கும் என்பதோ கல்லிலே தெரிகிறது.

இன்னொரு எவன்ஸ், அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ். 1936 இல் அலபாமா மாநிலத்துக் குத்தகை விவசாயிகளின் வீடுகளுக்குள் கமராவைக் கொண்டு போனவர். கூடச் சென்ற எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜி, வீட்டார் வெளியே போயிருந்த வேளையில் இழுப்பறைகளைத் திறந்து பார்த்ததைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். 1941 இல் அது நூலாயிற்று. மகத்தான நூல் என்பர். அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினரிற் சிலருக்கோ அது ஆறாத வடு. தங்கள் வறுமையை ஊருக்குக் காட்டிவிட்டார்கள் என்ற கோபம்.

அந்தக் கோபம் தோப்பூருக்குப் புதிதன்று. வேறொருவர் அனுமதியின்றி வீட்டுக்குள் நுழைந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பது என்றால் என்னவென்பதைத் திருகோணமலை மாவட்டத்து மூவினத்தவரில் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பும் தேடுதலும் அன்றாடமாயிருந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் நாம். கமராவோடு வருபவர் யாருக்காக வருகிறார் என்ற கேள்வி இன்றும் சிலர் கண்களில் எழுவதைக் காண்கிறேன். நியாயமான கேள்விதான்.

ஆகவே யாரிடம் அனுமதி கேட்பது? என்னை அழைத்தவர் ஆசிரியர். அனுமதி தர வேண்டியவரோ அவருடைய மனைவி. கிழக்கிலங்கையின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். மட்டக்களப்பு, அம்பாறை, மூதூர் வட்டாரங்களில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போகும். மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிவருகிறான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் அக்கரைப்பற்றை மையமாக வைத்து எழுதி 2008 இல் வெளிவந்த நூலில் இந்த வழமையை விரிவாகப் பேசியிருக்கிறார். உள்ளே நுழைவதற்கு ஆண்பிள்ளையின் சம்மதம் மரியாதைக்கு. பெண்பிள்ளையின் சம்மதமே உரிமைக்கு.

ரீச்சரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "முன் அறையும் நடு அறையும் இண்டைக்கு எடுங்க ஐயா. குசினிய நாளைக்கு எடுங்க, அது அலங்கோலமாக் கிடக்கு" என்றார்.

மறுநாள் போனபோது குசினி பளிச்சென்று இருந்தது. பானைகள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. அடுப்படி மெழுகப்பட்டிருந்தது. கரி பிடித்த கேத்தல் எங்கோ மறைந்துவிட்டது. கலைக் கண்ணோடு பார்க்கும் நண்பர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். உள்ளதை உள்ளபடி எடுக்க வேண்டாமா என்பார்கள். வாக்கர் எவன்ஸ் அந்த வீடுகளில் பொருட்களை இடம் மாற்றினாரா இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். பிரெடரிக் எவன்ஸ் கதிரைகளை அகற்றினால் அது கலை, ரீச்சர் கேத்தலை ஒளித்தால் அது பொய்யா? தன் வீடு எப்படி நினைக்கப்பட வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு அதில் முப்பத்தைந்து வருடம் சமைத்தவருக்கு இல்லாத உரிமை, இரண்டு நாள் வந்துபோகும் எனக்கு ஏது? அவர் அடுக்கியபடியே எடுத்தேன்.

நடு அறையில் மட்டும் அவர் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தார். அவருடைய உம்மாவின் மரப் பெட்டகம் அங்கே இருந்ததாம். 2006 ஆகஸ்டில் மூதூரிலும் தோப்பூரிலும் சண்டை மூண்டு மக்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு ஓடியபோது அவர்களும் ஓடினார்கள். திரும்பி வந்தபோது கூரையில் ஒரு பகுதி இல்லை, பெட்டகமும் இல்லை. வீட்டைத் திருத்தினார்கள். ஆனால் பெட்டகம் கிழக்குச் சுவரோரம் இருந்ததா, யன்னலுக்குக் கீழே இருந்ததா என்பதில் அவருக்கும் அவருடைய ராத்தாவுக்கும் இன்றுவரை பிணக்கு. "எங்கட கலியாண அல்பத்தில பாப்பமெண்டா அதுவும் போச்சு" என்றார்.

கலியாண அல்பம் என்று அவர் சொன்னது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நமது வீடுகளின் உட்புறத்துக்கு ஆவணக் காப்பகம் என்று ஏதேனும் உண்டென்றால் அது கலியாண வீட்டுப் படங்களின் பின்னணிதான். மணமக்களுக்குப் பின்னால் தெரியும் சுவர், பூட்டிய அலுமாரி, சீலை போர்த்திய தையல் இயந்திரம், கூரைச் சிலாகை. எவரும் எடுக்க நினைத்து எடுத்ததல்ல. ஓரத்தில் தானாக வந்து விழுந்தது. அந்த அல்பங்களும் 2004 டிசம்பர் 26 இல் மூதூர், கிண்ணியாக் கரைகளில் அலையோடு போயின. இடப்பெயர்வுகளில் எஞ்சியவையும் போயின. சம்பூரை எண்ணிப் பாருங்கள். தோப்பூரிலிருந்து அதிக தூரமில்லை. 2006 இல் ஊர் வெறுமையாயிற்று. 2007 இல் அதியுயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. 2015 இலும் 2016 இலும் காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பியபோது பலருக்கு வீடே இருக்கவில்லை. காணி உறுதியை அரசாங்கப் பதிவிலிருந்து மறுபடி எடுக்கலாம். சுவாமி அறை எந்தப் பக்கம் இருந்தது என்பதற்குப் பிரதி எடுக்கக் கந்தோர் எங்கே இருக்கிறது?

கொழும்பிலே ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீட்டை, அந்த நிலம் கைமாறியபோது, கல் கல்லாகக் கழற்றி லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். போற்றத்தக்க காரியம். அளவெடுத்து, வரைந்து, இலக்கமிட்டு வைத்திருந்ததால் அது கைகூடிற்று. தோப்பூர் வீட்டைக் கழற்றி எங்கும் கொண்டுபோகத் தேவையில்லை. நான்கு சுவரையும் நான்கு படமாக எடுத்து வைத்தால் போதும்.

மூதூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் ஒரு செய்தி உண்டு. 1660 இல் 'ஆன்' என்ற கப்பலில் வந்து கொட்டியாரத்தில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்து தப்பிப்போய் 1681 இல் நூல் எழுதினான். இந்தத் தீவின் சாதாரண வீட்டுக்குள் என்னென்ன இருந்தன என்பதை விரிவாகச் சொல்லும் பழைய நூல்களில் அது முக்கியமானது. தட்டுகள் இல்லாததால் மட்பானைகளை வீட்டின் நடுவே உறியில் தொங்கவிட்டிருந்ததையும், சாய்மானமில்லாத ஓரிரு முக்காலிகளையும் அவன் எழுதி வைத்திருக்கிறான். அரசனின் அரண்மனையைப் பலர் எழுதினார்கள். உறியை எழுதியவன் கைதி. அதிலே வாழ்ந்தவர்களுக்கு அது எழுதத்தக்கதாகத் தோன்றியிராது.

இதை வாசிக்கும் பலர் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பீர்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊர் போய்க் கோபுரத்தையும், படலையையும், படலையின் முன் நிற்கும் உங்களையும் எடுத்து வருகிறீர்கள். பெரியம்மாவின் குசினியை அவரிடம் கேட்டு, அவர் அடுக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து எடுத்துப் பாருங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அதைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். வீட்டின் உட்புறம் வீட்டாருக்குரியது. எந்த அலுமாரியில் என்ன இருக்கிறது, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது. ஊர் பார்க்க வேண்டுமா இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். தோப்பூர் வீட்டுப் படங்களில் ஒன்றையும் இந்தப் பக்கத்தில் நான் இடாததற்கும் அதுவே காரணம். மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்கும்படி நான் கேட்கவுமில்லை, அவர்கள் திறக்கவுமில்லை.

இருபத்தியிரண்டு படங்களை இரண்டு பிரதிகளாகத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். கணினியில் இருப்பது கணினியோடு போய்விடும். ஒரு பிரதி தோப்பூரில் இருக்கும்; மற்றதைக் கந்தளாயிலுள்ள ராத்தாவின் வீட்டில் வைப்பதென்று ரீச்சரே தீர்மானித்தார். வெள்ளம் வந்தாலும் ஓட நேர்ந்தாலும் இரண்டும் ஒரே நாளில் போகாது என்பது அவர் கணக்கு. பென்சிலால் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் எழுதத் தொடங்கினார்: இது மேற்குச் சுவர், இது உம்மா மௌத்தான கட்டில், இந்த யன்னல் 2007 இல் மாற்றியது. நடு அறைப் படத்தின் பின்னால், பெட்டகம் இருந்த இடம் என்று எழுதி, கிழக்கு என்று போட்டு, அருகில் ஒரு கேள்விக்குறியும் இட்டார். ராத்தா வந்து பார்த்துவிட்டு அதை அழிக்கலாம் அல்லது விடலாம்.